பள்ளிகளைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள்? வட்டார அளவில் திருப்தியை அளக்க முழுமையான வழிகாட்டி

"பத்தில் எட்டுப் பெற்றோர் எங்கள் பள்ளிகளில் திருப்தியாக இருக்கிறார்கள்" என்று ஒரு வட்டாரக் கல்வி நிர்வாகம் அறிவித்தால் கேட்பவர்கள் கைதட்டலாம். அதற்கு மேல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எதில் திருப்தி? மீதி இருவர் எந்தப் பள்ளிகளில் குவிந்திருக்கிறார்கள்? பதிலே தராதவர்கள் எத்தனை பேர்? பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போனவர்களைக் கேட்டார்களா? இவை தெரியாத வரை அது அலங்கார எண்தான்.

திருப்தி பள்ளியின் தரத்தை நேரடியாக அளப்பதும் இல்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை அது காட்டுகிறது. நுகர்வோர் ஆய்வில் ரிச்சர்ட் ஆலிவர் 1980-இல் வகுத்துத் தந்த இந்த விளக்கம் பள்ளிக்கும் அப்படியே பொருந்தும். குழாயில் தண்ணீர் வந்தாலே போதும் என்றிருக்கும் பெற்றோர் ஐந்துக்கு ஐந்து தருவார். ஆய்வகத்தில் புதிய கருவி இல்லையே என்று குறைப்படும் பெற்றோர், அதைவிட எவ்வளவோ மேலான பள்ளிக்கு மூன்றுதான் தருவார். இதை மறந்து பள்ளிகளை வரிசைப்படுத்தினால், எதிர்பார்ப்பே இல்லாத இடத்துக்கு முதல் பரிசு போகும்.

ஒரு வட்டாரத்தின் சில பத்துப் பள்ளிகளுக்குப் பொறுப்பானவர்கள், பள்ளிக் குழு உறுப்பினர்கள், பெற்றோர் சங்கங்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதல் படி: முடிவு முன்னே, கேள்வி பின்னே

பெரும்பாலான ஆய்வுகள் கேள்விப் படிவத்தில் தொடங்குகின்றன. அங்கேயே தடம் மாறுகிறது. முதலில் ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் அடுத்த ஓராண்டில் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு. இரண்டாவதில் அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது. மூன்றாவதில், பதில் இப்படி வந்தால் இதைச் செய்வோம், அப்படி வந்தால் அதைச் செய்வோம் என்ற வாக்குறுதி.

மூன்றாவது பத்தியை நிரப்ப முடியாத கேள்வியைக் கேட்காதீர்கள். பள்ளிப் பேருந்தின் நேரத்தை மாற்ற உங்களால் முடியும், கேளுங்கள். பெற்றோருக்குத் தகவல் எந்த மொழியில், எந்த வழியில் போகவேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்; கேளுங்கள். பாடத்திட்டத்தை மேலிடம் வகுக்கிறது என்றால், "பாடத்திட்டத்தில் உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்பதன் விளைவு ஒன்றுதான்: ஏதோ மாறப்போகிறது என்று மக்கள் நம்புவார்கள், மாறாது, அடுத்த முறை படிவத்தைத் தொடவே மாட்டார்கள். மேலிடத்திடம் ஆதாரமாக எடுத்துச்செல்லும் எண்ணம் இருந்தால் மட்டும் இதற்கு விலக்கு அளிக்கலாம். அப்போதும் அந்த நோக்கத்தைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

இந்தத் தாளை நிரப்பும்போதே இரண்டு மூன்று பெற்றோரையும் இரண்டு ஆசிரியர்களையும் உடன் அமர்த்திக்கொள்வது நல்லது. அலுவலகத்துக்குத் தோன்றாத கவலைகள் அவர்களிடமிருந்துதான் வரும்.

இரண்டாம் படி: யாரெல்லாம் பங்குடையவர்கள்

பெற்றோர், மாணவர், ஆசிரியர் என்ற மூவரைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவது வழக்கம். தலைமை ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பேருந்து ஓட்டுநர்கள் எல்லோரும் பள்ளியை ஒவ்வொரு கோணத்தில் தினமும் பார்க்கிறவர்கள். பிள்ளைகள் இல்லாத வரி செலுத்துவோரும் பங்குடையவர்களே. பள்ளிக்கான பணத்தில் அவர்கள் பங்கும் இருக்கிறது. இந்தப் பள்ளிகளில் படித்தவர்களை அடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளும் வேலை தருவோரும் வேறொரு முனையில் நிற்கிறார்கள்.

எல்லாரையும்விட முக்கியமானவர்கள், இப்போது பட்டியலிலேயே இல்லாதவர்கள். அதிருப்தி மிகுந்தவர் புகார் கொடுப்பதில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இருப்பவர்களை மட்டும் கேட்டால், ஆண்டுதோறும் கோபக்காரர்கள் வெளியேற, திருப்தி உயர்ந்துகொண்டே போவதுபோலத் தோன்றும். ஆகவே கடந்த இரண்டு ஆண்டுகளில் விலகிய குடும்பங்களின் பட்டியலைத் தனியே எடுங்கள். வீடு மாறிப் போனவர்களைக் கழித்துவிட்டு மீதிப்பேரில் ஒரு பகுதியினரிடம் தொலைபேசியில் பேசுங்கள். இருபது உரையாடல்கள்கூட நிறையச் சொல்லும். இதே வேலையை, பணியை விட்டுப்போன ஆசிரியர்களிடமும் செய்யலாம்.

மூன்றாம் படி: கையில் இருப்பதை முதலில் படியுங்கள்

புதிதாக ஒரு கேள்வி கேட்கும் முன்பே அலுவலகத்தில் பதில்கள் குவிந்திருக்கும். சேர்க்கையும் விலகலும், பள்ளி மாற்றக் கோரிக்கைகள், ஆசிரியர்களின் இடமாற்ற விண்ணப்பங்கள், புகார்ப் பதிவேடு, பெற்றோர் கூட்ட வருகை, மாணவர்களின் தொடர் விடுப்பு. ஒரு பள்ளியிலிருந்து மட்டும் ஆசிரியர்கள் அடுத்தடுத்து இடமாற்றம் கேட்டால், அங்கே ஆசிரியர் திருப்தியை அறியப் படிவம் தேவையில்லை. காரணத்தை அறியத்தான் தேவை.

புகார்ப் பதிவேட்டைப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். புகார் அதிகம் வரும் பள்ளி மோசமான பள்ளி என்று முடிவுகட்டிவிட முடியாது. அங்கே தலைமை ஆசிரியர் காதுகொடுத்துக் கேட்கிறவராக இருக்கலாம். புகாரே வராத பள்ளியைத்தான் நான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

நான்காம் படி: கேள்விப் படிவம்

அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இது. கேள்வி கோணலாக இருந்தால் பிறகு எந்தக் கணக்கும் அதை நிமிர்த்தாது.

ஒரு கேள்வியில் ஒரு பொருள் மட்டும் இருக்கட்டும். "ஆசிரியர்கள் திறமையாகவும் அன்பாகவும் நடந்துகொள்கிறார்களா?" என்பது இரண்டு கேள்விகள். திறமை உண்டு, அன்பு இல்லை என்பவர் எதைக் குறிப்பார்? பிரிப்பதற்குச் சோம்பல்பட்டால் பதிலும் குழம்பித்தான் வரும்.

"ஏற்கிறேன், ஏற்கவில்லை" வகையைக் குறையுங்கள். உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் அறிமுகப்படுத்திய ஏற்பு அளவுகோல் இன்றும் எங்கும் புழங்குகிறது, எளிதானது. ஆனால் எதைச் சொன்னாலும் தலையாட்டும் இயல்பு மனிதர்களுக்கு உண்டு. கேட்பது அதிகாரத்தில் இருப்பவர் என்றால் தலை இன்னும் வேகமாக ஆடும். "பள்ளி எனக்கு உடனுக்குடன் தகவல் தருகிறது: ஏற்கிறேன்" என்பதைவிட, "உங்கள் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கடந்த மூன்று மாதங்களில் பள்ளி உங்களிடம் எத்தனை முறை பேசியது? ஒருமுறைகூட இல்லை, ஒருமுறை, இரண்டு மூன்று முறை, அதற்கு மேல்" என்று கேட்பது பன்மடங்கு மேல். முன்னது மரியாதையை அளக்கிறது, பின்னது நடந்ததை.

இதை ஒரு பொது விதியாகவே கொள்ளலாம்: முதலில் அனுபவம், அடுத்து மதிப்பீடு. பேசியது எத்தனை முறை என்று கேட்டபின், அது போதுமானதாக இருந்ததா என்று கேளுங்கள். இரண்டையும் இணைத்துப் பார்த்தால் எதிர்பார்ப்பு எங்கே நிற்கிறது என்பது புலப்படும். ஒருமுறைகூடப் பேசாத பள்ளியின் பெற்றோர் "போதும்" என்றால், அங்கே சரிசெய்ய வேண்டியது வேறு ஏதோ.

"தெரியாது" என்ற பதிலுக்கு இடம் கொடுங்கள். வகுப்பறையைப் பார்த்தே இராத பெற்றோரிடம் கற்பித்தல் முறையை மதிப்பிடச் சொன்னால் நடுவில் உள்ள கட்டத்தில் ஒரு குறி போட்டு நகர்ந்துவிடுவார். அந்தக் குறியை நீங்கள் "நடுநிலை" என்று எண்ணுவீர்கள். "தெரியாது" என்ற பதில்கள் பெருகினால், அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

மொத்தத் திருப்திக் கேள்வியைத் தொடக்கத்தில் வையுங்கள். பேருந்துத் தாமதம், கழிப்பறை, கட்டணம் என்று பத்துக் கேள்விகள் கேட்டுவிட்டு "மொத்தத்தில் எப்படி?" என்று முடித்தால், அந்தப் பத்தின் கசப்பும் அதில் ஏறியிருக்கும்.

ஒரே ஒரு மொத்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018-இல் பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல சான்று. மொத்தத்தில் தம் வேலையில் திருப்தி என்றவர்கள் சராசரியாக ஏறத்தாழ 90 சதவீதம். சமூகம் தம் தொழிலை மதிக்கிறது என்று கருதியவர்களோ சுமார் 26 சதவீதம்தான். முதல் எண்ணை மட்டும் பார்த்தவர் எல்லாம் நலம் என்று கோப்பை மூடியிருப்பார்.

இறுதியில் இரண்டு திறந்த கேள்விகள் போதும்: "இந்தப் பள்ளியில் மாறவே கூடாதது எது?" "முதலில் மாறவேண்டியது எது?" முதல் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சீர்திருத்தம் என்ற பெயரில் நல்லதைக் கெடுத்துவிடாமல் இருக்க அதுதான் காப்பு.

படிவம் பத்து நிமிடத்துக்குள் முடியவேண்டும். வட்டாரத்தில் எத்தனை மொழிகள் பேசப்படுகின்றனவோ அத்தனையிலும் இருக்கவேண்டும். எழுத்து வாசிக்காதவர்களுக்கு வாய்மொழியாகக் கேட்க ஏற்பாடு வேண்டும். அவர்களை விட்டுவிட்டால் பள்ளியை மிகவும் நம்பியிருக்கும் குடும்பங்களை விட்டுவிட்டதாகும்.

அச்சுக்குப் போகும் முன் எட்டு முதல் பத்துப் பேரிடம் சோதனை செய்யுங்கள். படிவத்தை நிரப்பச் சொல்வது போதாது. ஒவ்வொரு கேள்வியையும் படித்ததும் "இதில் என்ன கேட்கிறார்கள் என்று நினைத்தீர்கள்?" என்று சொல்லவையுங்கள். "பாதுகாப்பு" என்று நீங்கள் எழுதியது சுற்றுச்சுவரை. அந்தத் தாய் புரிந்துகொண்டது மகள் நடந்துவரும் சாலையை. இப்படிப்பட்ட விலகல் ஒவ்வொரு படிவத்திலும் சில இருக்கும்.

ஐந்தாம் படி: எத்தனை பேர், எந்தப் பேர்

1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியது. சுமார் 24 லட்சம் பதில்கள் வந்தன. ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் மொத்தம் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்து. மிகச் சிறிய மாதிரியை, அதாவது தேர்ந்தெடுத்த சிலரின் பதில்களை மட்டும் வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லியிருந்தார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து இதழ் பெயர்களை எடுத்திருந்தது. பதில் அனுப்ப முனைந்தவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்களாக இருந்தார்கள். இணையச் சுட்டியை எல்லாப் பெற்றோர் குழுக்களிலும் பரப்பிவிட்டு "பத்தாயிரம் பதில்கள் வந்தன" என்று பெருமைப்படுபவர்கள் இந்த நிகழ்வை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல்போல, தேர்ந்தெடுத்த 400 பேர் என்றால் பிழை வரம்பு (உண்மை நிலையிலிருந்து முடிவு விலகக்கூடிய அளவு) இரு பக்கமும் சுமார் 5 சதவீதப் புள்ளிகள். 1,000 பேர் என்றால் சுமார் 3. வட்டாரம் பெரிதானாலும் சிறிதானாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் பள்ளிவாரியாகப் பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஒரே பள்ளியின் பெற்றோர் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். 40 பள்ளிகள், பள்ளிக்கு 20 பேர், மொத்தம் 800 என்று வையுங்கள். ஒரே பள்ளிக்குள் பதில்களின் ஒப்புமை (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே பதில்) 0.05 என்ற சிறிய அளவில் இருந்தாலே, 1 + 19 × 0.05 = 1.95 என்று பிழையின் வர்க்கம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அந்த 800 பேர் சுமார் 410 பேருக்குச் சமம். பள்ளிக்கு அதிகம் பேரை எடுப்பதைவிட அதிகம் பள்ளிகளை எடுப்பது லாபம் என்பது இதன் பொருள்.

மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு மூன்று படிவங்கள் போகாமல் பாருங்கள். குடும்பப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து, ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துப் பதில் சொல்லச் சொல்லலாம். பள்ளி வகைகளையும் பகுதிகளையும் முன்கூட்டியே பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் தனித்தனியே தேர்ந்தெடுப்பது சிறுபான்மைக் குரல்கள் காணாமல் போவதைத் தடுக்கும்.

ஆறாம் படி: திரட்டுதல்

வகுப்பாசிரியரே படிவத்தைக் கொடுத்து அவரே திரும்ப வாங்கினால் பதில்கள் இனிக்கும். மூடிய உறையும் தனிப் பெட்டியும் வேண்டும். வெளியாள் ஒருவர் பிரிக்க வேண்டும். பெயர் கேட்கவில்லை என்பதால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. "இந்தப் பள்ளி, கணித ஆசிரியை, 20 ஆண்டு அனுபவம்" என்றாலே யார் என்று தெரிந்துவிடும். பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியே வெளியிடாதீர்கள், தலைமை ஆசிரியருக்கும் தராதீர்கள். மாணவர்களிடம் கேட்பதற்குப் பெற்றோரின் அனுமதியும் வேண்டும், பிள்ளையின் விருப்பமும் வேண்டும். பிடிக்காத கேள்வியைத் தாண்டிச் செல்லலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லவேண்டும்.

தேர்வு முடிவு வெளியான வாரத்திலும், சேர்க்கைப் பரபரப்பிலும், ஏதேனும் ஒரு பள்ளி செய்தியில் அடிபடும் நாட்களிலும் திரட்டாதீர்கள். பதில் தராதவர்களுக்கு இரண்டு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லாதவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் நேரில் சில முக்கியக் கேள்விகளை மட்டும் கேட்டால், பேசாதவர்கள் பேசியவர்களிடமிருந்து எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று தெரியும்.

எண்களுக்குப் பக்கத்தில் மனிதர்களின் சொற்களும் வேண்டும். ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட குழு உரையாடல்களை நடத்துங்கள். பெற்றோர் தனி, ஆசிரியர் தனி, மாணவர் தனி. ஆசிரியர் அமர்ந்திருக்கும் அறையில் எந்தப் பெற்றோரும் மனம் திறக்கமாட்டார்.

ஏழாம் படி: பதில்களைப் படித்தல்

முதலில் எடை: குறைவாகப் பதில் தந்த பிரிவினரின் பதிலைக் கூட்டியும் அதிகமாகத் தந்தவர்களின் பதிலைக் குறைத்தும் எண்ணுவது. ஊர்ப்புறப் பெற்றோர் மொத்தத்தில் 40 சதவீதம், வந்த பதில்களில் 20 சதவீதம் என்று கொள்வோம். அவர்களில் 50 சதவீதத்தினரும் நகர்ப்புறத்தினரில் 80 சதவீதத்தினரும் திருப்தி என்கிறார்கள். அப்படியே கூட்டினால் வருவது 74. ஊர்ப்புறப் பதிலுக்கு 2, நகர்ப்புறப் பதிலுக்கு 0.75 என எடை தந்தால் வருவது 68. ஆறு புள்ளிகள் காற்றில் வந்தவை.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். எல்லாரும் மூன்று தந்த பள்ளிக்கும், பாதிப்பேர் ஐந்தும் பாதிப்பேர் ஒன்றும் தந்த பள்ளிக்கும் சராசரி ஒன்றே. முன்னதில் சலிப்பு, பின்னதில் பிளவு. இரண்டுக்கும் மருந்து வேறு. சிறிய பள்ளிகள் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் அடிக்கடி தென்படுவதைக் கண்டு வியக்காதீர்கள். ஆட்கள் குறைவு என்பதால் இரண்டு மூன்று பேரின் பதிலே எண்ணை மேலும் கீழும் இழுக்கும்.

தூரத்துப் பார்வை என்ற சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் 1969 முதல் ஃபை டெல்டா கப்பா என்ற கல்வியாளர் அமைப்பு பொதுப் பள்ளிகளைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்டு வந்திருக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே முடிவு: தம் பிள்ளை படிக்கும் பள்ளிக்குப் பெற்றோர் மிக உயர்ந்த தரம் தருகிறார்கள், தம் பகுதிப் பள்ளிகளுக்கு அதைவிடக் குறைவு, நாட்டுப் பள்ளிகளுக்கு மிகக் குறைவு. பகுதிப் பள்ளிகளுக்கு முதல் இரண்டு தரங்களைத் தந்தவர்கள் ஏறக்குறையப் பாதி என்றால், நாட்டுப் பள்ளிகளுக்குத் தந்தவர்கள் பல ஆண்டுகளில் ஐந்தில் ஒருவர் அளவுதான். நேரில் பார்ப்பதை அனுபவம் மதிப்பிடுகிறது. பார்க்காததைச் செய்தி மதிப்பிடுகிறது. எனவே "உங்கள் பிள்ளையின் பள்ளி", "வட்டாரப் பள்ளிகள்" என்ற இரண்டையும் தனித்தனியே கேட்டு, இடைவெளியைக் கவனியுங்கள். முன்னது உயர்ந்தும் பின்னது தாழ்ந்தும் இருந்தால், நம்பிக்கை விரிசல் கண்டிருப்பது வகுப்பறையில் இல்லை, நிர்வாகத்தின் மேல்.

எதை முதலில் திருத்துவது? சந்தை ஆய்வில் மார்ட்டிலா, ஜேம்ஸ் இருவரும் 1977-இல் தந்த கட்டம் இன்றும் உதவும். ஒரு அச்சில் மக்களுக்கு அது எவ்வளவு முக்கியம், மற்றதில் எவ்வளவு திருப்தி. முக்கியம் அதிகம், திருப்தி குறைவு என்ற மூலையில் விழுவன முதல் வேலை. முக்கியம் குறைவு, திருப்தி அதிகம் என்ற மூலையில் செலவு வீணாகிறது என்று பொருள் கொள்ளலாம். ஆனால் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான வசதி போன்றவை சிலருக்கு மட்டும் உயிர்நாடி என்பதால் அங்கேதான் போய் விழும். அவற்றைக் கட்டத்தின் கையில் விடாதீர்கள்.

எட்டாம் படி: திருப்பிச் சொல்லுதல்

முடிவுகளை ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் வெளியிடுங்கள், கசப்பானவற்றையும் சேர்த்து. எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேர் பதில் தந்தார்கள், பிழை வரம்பு என்ன என்பவை முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். பிறகு ஒரு எளிய பட்டியல்: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்யப்போவது, எந்த மாதத்துக்குள், யார் பொறுப்பு. செய்ய முடியாதவற்றையும் காரணத்தோடு எழுதுங்கள். மறுப்பைப் பொறுத்துக்கொள்ளும் மக்கள் மௌனத்தைப் பொறுப்பதில்லை.

ஆசிரியர் ஊதியத்தையோ தலைமை ஆசிரியரின் பதவி உயர்வையோ இந்த எண்களோடு கட்டாதீர்கள். ஒரு சமூக எண்ணை முடிவெடுக்கும் ஆயுதமாக எவ்வளவு அதிகம் பயன்படுத்துகிறோமோ, அவ்வளவு அது கெட்டுப்போகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970-களிலேயே எச்சரித்தார். பரிசு உண்டு என்றதும் படிவம் வீட்டுக்குப் போகும் முன் பாடம் நடத்தப்படும்: எந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும் என்று.

ஒன்பதாம் படி: மறுபடியும் கேட்டல்

ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், அதே சொற்களில். நியூயார்க் நகரம் 2007 முதல் பெற்றோர், ஆசிரியர், மாணவர் மூவருக்கும் தனித்தனிப் படிவங்களோடு ஆண்டுதோறும் இதைச் செய்துவருகிறது. நீண்ட தொடர்ச்சியே இத்தகைய ஆய்வுகளின் மதிப்பு. மையக் கேள்விகள் ஏழெட்டை மாற்றாமல் வைத்துக்கொண்டு, மீதியை அவ்வாண்டின் முடிவுகளுக்கேற்ப மாற்றுங்கள். ஒரு சொல்லை மாற்றினாலும் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது.

ஒப்பிடும்போது அவசரம் வேண்டாம். இரண்டு ஆண்டிலும் 400 பேர் வீதம் கேட்டிருந்தால், ஏறக்குறைய 7 புள்ளிகளுக்கு மேல் மாறினால்தான் அது மாற்றம் என்று துணிந்து சொல்லலாம். சென்ற ஆண்டு 72, இந்த ஆண்டு 69 என்றால் யாரையும் அழைத்து விளக்கம் கேட்கத் தேவையில்லை. மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் அதே திசையில் இறங்கினால் அப்போது பேசலாம்.

படிவத்தின் இறுதி வடிவம், தேர்ந்தெடுத்த முறை, எடைக் கணக்கு, திறந்த பதில்களை வகைப்படுத்திய விதம் ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் போட்டு, பெயர் சொல்லி ஒருவரின் பொறுப்பில் விடுங்கள். கல்வி அலுவலர்கள் மாறுவார்கள். புதிதாக வருபவர் முதல் வேலையாகப் புதிய படிவம் அடிக்க விரும்புவார். அவர் மேசையில் அந்தக் கோப்பு முன்னதாகவே இருக்கட்டும்.